அறிவுப் பண்டாரத்தை அமைக்கும் முறை



நெற்குதிரில் எந்தப் பிடி நெல்லை அள்ளினாலும் ஒன்றே. மேலிருந்து எடுத்தாலும் அடியிலிருந்து எடுத்தாலும் உலையில் வேகும், பசி தீரும். அறிவைச் சேர்த்து வைக்கும் பண்டாரம் அத்தகையதன்று. அங்கே வருகிறவருக்கு வேண்டுவது குறிப்பிட்ட ஒரே மணி. பதினாயிரம் மணிகள் குவிந்து கிடந்தாலும் அந்த ஒன்று கைக்கு வராவிட்டால், அவரளவில் அது வெறுங்குதிரே. சேர்ப்பது ஒரு பணி; சேர்த்ததைத் தேடுவோர் கையில் கொண்டுசேர்ப்பது வேறொரு பணி. முன்னதை ஆர்வமுள்ள எவரும் செய்துவிடுவர். பின்னதற்கு அமைப்பு வேண்டும்.

ஊர்தோறும் உள்ள அறக்கட்டளை அலுவலகங்களில் ஒன்றை மனத்தில் கொண்டு பார்க்கலாம். சுவரோரம் இரண்டு இரும்புப் பீரோக்கள். உள்ளே பழைய விழா மலர்கள், பஞ்ச கல்யாண அழைப்பிதழ்கள், நன்கொடைச் சீட்டுகளின் அடிக்கட்டைகள், நிலப் பத்திர நகல்கள், யாரோ படியெடுத்த கல்வெட்டு வாசகங்கள், உறையிலிட்ட புகைப்படங்கள், துணியில் சுற்றிய இரண்டு ஏட்டுக் கட்டுகள். ஒருவர் வந்து, மண்டபத்துக்குக் கல் தளம் போட்டது எந்த ஆண்டு, யார் செலவில் என்று கேட்கிறார். முப்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கும் பெரியவர் இருக்கையை விட்டு எழாமலே, இடப்புறப் பீரோ, மூன்றாம் தட்டு, பச்சை அட்டைக் கோப்பு என்கிறார். கோப்பு வருகிறது, விடையும் கிடைக்கிறது. அனைவரும் மகிழ்கின்றனர். ஆனால் அந்தப் பெரியவர் இல்லாத நாளில் அதே கேள்வி வந்தால் என்ன ஆகும்? பீரோ இருக்கும், கோப்பும் இருக்கும், கோப்புக்குச் செல்லும் வழி மட்டும் இராது. அங்கே பண்டாரம் பீரோவில் இருந்ததாக எண்ணியது பிழை. அது அவர் நினைவில் இருந்தது. எத்தனையோ குடும்பங்களிலும் அமைப்புகளிலும் பழைய தாள்கள் எடைக்குப் போவது அவற்றின்மேல் எவருக்கும் பகை இருந்ததாலன்று. அவை இன்னவை என்று சொல்ல ஆளில்லாமற் போனதால்தான்.

ஆகவே ஓர் அறிவுப் பண்டாரத்தை அமைக்க முற்படுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதையெல்லாம் சேர்ப்பது என்பதன்று. சேர்த்தவர் இல்லாதபோது, ஒன்றும் அறியாத ஒருவர் எவ்வழியாக உள்ளே வருவார் என்பதே. இக்கேள்விக்குத் தமிழ் மரபிலேயே தெளிந்த விடை உண்டு. அது நிகண்டுகளில் இருக்கிறது.

நிகண்டு என்றதும் பலர் அதனைப் பழைய அகராதி என்று சொல்லிக் கடந்துவிடுவர். உண்மையில் அது கவனமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஒரு பண்டாரம். திவாகரத்தில் பன்னிரண்டு தொகுதிகள் உள்ளன. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என முதற்பத்துத் தொகுதிகளும் உலகில் உள்ள யாவற்றையும் பத்து அறைகளில் வைக்கின்றன. இவை, பொருளை அறிந்து பெயரைத் தேடுவோர்க்கு உரியவை. யானையைக் குறிக்க வேறு என்ன சொற்கள் உண்டு என்று தேடும் புலவர் விலங்குத் தொகுதிக்குச் செல்வார். களிறும் வேழமும் அங்கே ஒன்றாக நிற்கும். பதினொன்றாம் தொகுதி இதற்கு நேர்மாறானது. ஒரு சொல் பல பொருள் தருவதை அது காட்டும். மா என்பது மரமா, விலங்கா, அரைத்த பொடியா என ஐயுறுவோர் அங்கே செல்வர். பன்னிரண்டாம் தொகுதி, பல பொருள்கள் கூடி ஒரு பெயர் பெறுவதைச் சொல்வது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து மும்மணி ஆவது போன்ற தொகைப் பெயர்களுக்கு உரிய இடம் அது.

இந்தத் திட்டத்தின் அருமை எளிதில் புலப்படாது. பொருளிலிருந்து சொல்லுக்கு ஒரு வாயில், சொல்லிலிருந்து பொருளுக்கு ஒரு வாயில், தொகையிலிருந்து உறுப்புகளுக்கு ஒரு வாயில் என, ஒரே பண்டாரத்துக்கு மூன்று வாயில்கள் வைத்திருக்கிறார்கள். தேடுவோர் கையில் என்ன துணுக்கு இருக்கிறதோ அதற்கேற்ற வாயிலில் நுழையலாம்.

சமணப் புலவராகிய மண்டல புருடர் சூடாமணி நிகண்டைச் செய்தபோது இதே பன்னிரண்டு தொகுதிகளை வைத்துக்கொண்டு, நூற்பாக்களுக்கு மாற்றாக விருத்தப்பாவில் பாடினார். பாடுவதற்கு எளிதாக இருந்ததால் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்தனர். அவர் செய்த மற்றொரு காரியம் இன்னும் நுட்பமானது. பல்பொருள் ஒருசொற்களைக் கூறும் பதினொன்றாம் தொகுதியை எதுகை வரிசையில், அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு, ஒழுங்குபடுத்தினார். இக்காலத்தார்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். முதலெழுத்து வரிசை இருக்க இரண்டாம் எழுத்து எதற்கு? அன்றைய மாணவர் கையில் நூல் இல்லை. நாவில் செய்யுள் இருந்தது. செய்யுளில் அடிகளைக் கோத்து நிற்பது எதுகை. ஆகவே நினைவிலிருந்து தேடுவோர்க்கு எதுகையே இயல்பான கைப்பிடி. வரிசை முறையைப் புலவர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளவில்லை. பயன்படுத்துவோர் எவ்வாறு தேடுவர் என்பதைப் பார்த்துத் தேர்ந்தார். ஓலைச்சுவடியைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் வளர்ந்தபின் தேவை மாறியது. 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்தால் வரிசைப்படுத்தி அகராதி நிகண்டைச் செய்தார். அகரத்தை ஆதியாக உடையது என்னும் அப்பெயரே பின்னர் எல்லாச் சொற்பொருள் நூல்களுக்கும் பொதுப்பெயராயிற்று. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை வைத்து, மேலே சொன்ன வாயில்கள் அனைத்தையும் அகர வரிசைக்குள் கொண்டுவந்தார். பாட்டெழுதுவோர்க்காகத் தொடைக்கும் ஒரு வாயில் திறந்துவைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மீண்டும் இரும்புப் பீரோவுக்கு வரலாம். அங்குள்ள தாள்களில் ஒன்றில் ஜைனர் என்றும், ஒன்றில் சைனர் என்றும், மற்றொன்றில் சமணர் என்றும், இன்னொன்றில் நயினார் என்றும் எழுதியிருக்கும். சமணர் என்னும் தலைப்பின்கீழ்த் தேடுவோர்க்கு மற்ற மூன்றும் அகப்படா. இது நிகண்டின் முதற்பத்துத் தொகுதிகள் தீர்த்துவைத்த சிக்கல்: ஒரு பொருளுக்குப் பல பெயர். எதிர்ச்சிக்கலும் உண்டு. ஜின காஞ்சி என்று ஒரு குறிப்பில் இருந்தால் அது காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றமா, மேல்சித்தாமூரில் உள்ள ஜின காஞ்சி மடமா? இது பதினொன்றாம் தொகுதியின் சிக்கல்: ஒரு பெயருக்குப் பல பொருள். ஆகவே எந்தப் பண்டாரத்துக்கும் ஒரு சிறு சொற்பட்டியல் முதலில் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பாக ஒரே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டு, மற்றப் பெயர்களின் எதிரே, இன்ன தலைப்பில் காண்க என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு மூன்று பக்கங்களில் அடங்கிவிடும் பட்டியல்தான். அது இல்லாததால் வீணாகும் உழைப்புக்கோ கணக்கில்லை.

தலைப்புகள் எத்தனை வேண்டும் என்பதில் பலர் தடுமாறுவர். உலகம் முழுவதற்கும் பத்துத் தொகுதிகள் போதுமாயின என்றால் ஓர் அறக்கட்டளைக்கு நூறு தலைப்புகள் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டுக்கு மேற்பட்டால், எதில் வைத்தோம் என்பதே மறந்துபோகும். மணியும் உலோகமும் உணவும் போன்ற பலவற்றுக்காக நிகண்டாசிரியர்கள் பல்பொருள் என ஒரு தொகுதியை ஒதுக்கியதும் பட்டறிவின் பயனே. அலுவலகங்களில் அதற்கு இதரம் என்று பெயர். இதரம் என்னும் கோப்பு எல்லாவற்றினும் பருத்துவிட்டால், அதற்குள் புதிதாக ஒரு தலைப்பு பிறக்கக் காத்திருக்கிறது என்று பொருள். அதனைப் பிரித்துப் பார்த்துப் பெயரிட்டு வெளியே எடுக்க வேண்டும்.

தலைப்புக்கு அடுத்தபடியாக, ஒவ்வொரு பொருளைப் பற்றியும் என்னென்ன குறித்துவைப்பது என்பது. இதற்கு இலக்கணம் கற்றோர் வெளியே எங்கும் செல்ல வேண்டியதில்லை. ஒரு வினை நிகழ்ந்தது என்றால் அதில் அடங்கியிருக்கும் கூறுகள் ஆறு என நன்னூல் கணக்கிடுகிறது. செய்தவர் யார், எதனைக் கருவியாகக் கொண்டார், எந்த இடத்தில், எக்காலத்தில், செயல் யாது, அதனால் ஆன பொருள் யாது என்பவை அவை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமண முனிவர் என்பது இந்த அவையினர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. உரையாசிரியர்கள் குயவர் குடம் வனைந்ததை எடுத்துக்காட்டி விளக்குவர். அந்தக் குடத்துக்கு மாற்றாக ஒரு புகைப்படத்தை வைத்துப் பார்க்கலாம். தேர் ஊர்வலப் படம் ஒன்று. அதில் நிற்போர் யார், எடுத்தவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு, எந்த விழா, தேரின்மேல் உள்ள திருவுருவம் எது? இந்த ஆறு விடைகளும் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதியிருந்தால் அது ஆவணம். எழுதாவிட்டால், அறுபது ஆண்டு கழித்து, தலைப்பாகை கட்டிய பதினான்கு பேர் நிற்கும் ஒரு தாள்.

இருபதாம் நூற்றாண்டில் நூலகவியலில் உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு முறை இதற்கு மிக நெருக்கமானது. அதனை வகுத்தவர் 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்களைப் பகுக்க அதுவரை இருந்த முறைகளில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டிவைத்திருப்பர். புதுப் பொருள் வந்தால் அறை இராது. இலண்டன் கடை ஒன்றில், சிறு துண்டுகளை முடுக்கி வெவ்வேறு வடிவங்களாக அமைக்கும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்ட அரங்கநாதனுக்கு மாற்று வழி தோன்றியது. எந்தப் பொருளையும் சில கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது அக்கூறுகளை இணைத்துக்கொள்ளலாம் என்று கண்டு, 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். பின்னர் அக்கூறுகள் ஐந்து என வரையறுத்தார். முதன்மைப் பொருள், அது ஆன பருப்பொருள், செயல், இடம், காலம் என அவற்றைத் தமிழில் சொல்லலாம். நன்னூலை நினைத்து அவர் இதனைச் செய்தார் என்று சொல்ல இடமில்லை. ஆயினும் ஒழுங்காகச் சிந்திப்போர் எக்காலத்திலும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றனர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. கேட்பதற்கு மிக எளியது. ஆனால் எத்தனை பண்டாரங்கள் இந்த விதியில் தேறும்?

இதற்கு இரண்டு சான்றுகள் சமண மரபிலேயே உண்டு. ஒன்று கன்னட நாட்டு மூடபித்ரி. ஷட்கண்டாகமத்துக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் இயற்றிய தவளம் என்னும் பேருரை பழங்கன்னட எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகளில் அங்கே காக்கப்பட்டு வந்தது. காத்தவர்களின் அரும்பணியை ஒருக்காலும் குறைத்துப் பேசலாகாது. அவர்கள் இல்லையேல் அந்நூல் இன்று இல்லை. ஆயினும் பன்னெடுங்காலம் அச்சுவடிகள் தரிசனத்துக்கு உரியவையாக இருந்தனவேயன்றி, படிப்புக்கு உரியவையாக இல்லை. பக்தர்கள் தொலைவில் நின்று வணங்கிச் சென்றனர். உள்ளே எழுதியிருப்பது யாது என்பதை அறிந்தோர் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் வேலை தொடங்கியது. அதற்கும் தயக்கங்கள் பல இருந்தன. பேராசிரியர் ஹீராலால் ஜைன் பதிப்பித்த முதல் தொகுதி 1939இல் வெளிவந்து, பின்னர் பதினாறு தொகுதிகளாக அந்நூல் நிறைவுற்றது. ஓரிடத்தில் மட்டுமே இருந்த அந்நூலை இடையில் ஒரு தீயோ ஒரு பெருமழையோ தொட்டிருந்தால்? படிக்கப்படாத நூலின் இழப்பை எவரும் அறிந்தும் இருக்கமாட்டார்.

மற்றொரு சான்று மேற்கே, ஜைசல்மேர்க் கோட்டைக்குள் இருக்கும் ஞான பண்டாரம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி நிறுவியது அது. பாலைநிலத்து வறண்ட காற்றும் கோட்டைச் சுவரும் பனையோலைகளைக் காத்தன என்பது உண்மை. ஆனால் காற்று மட்டுமா காத்தது? அத்தகைய பண்டாரங்களுக்காகச் சுவடி எழுதியோர், நூல் முடிந்தபின் இறுதியில் ஒரு குறிப்பு எழுதும் வழக்கம் கொண்டிருந்தனர். எழுதியவர் யார், எழுதுவித்த இல்லறத்தார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த ஆசாரியர் காலத்தில் என்பவற்றை அக்குறிப்பு சொல்லும். சில சுவடிகளில் எழுதுவித்தவரின் குடிவழியும் இடம்பெறும். அக்குறிப்புகளே இன்று ஆண்டு கணிப்போர்க்கும் ஊர் வரலாறு எழுதுவோர்க்கும் பெருந்துணை. நன்னூலின் ஆறு கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கே ஒருசில வரிகளில் கிடைத்துவிடுகிறது.

இப்பண்டாரங்களின் மற்றொரு சிறப்பு, தம் சமயத்து நூல்களோடு நின்றுவிடாமை. பௌத்த ஆசிரியர் சாந்தரட்சிதரின் தத்துவ சங்கிரகம் திபெத்திய மொழிபெயர்ப்பாகவே வழங்கி வந்தது. அதன் வடமொழி மூலமும், அவர் மாணவர் கமலசீலர் எழுதிய உரையும் சைன பண்டாரங்களில் கிடைத்தன. 1926இல் எம்பார் கிருஷ்ணமாச்சாரியர் அதனைப் பரோடாவிலிருந்து பதிப்பித்தார். எதிர்வாதம் செய்வோரின் நூலையும் படியெடுத்து, ஓலை கட்டி, பெட்டியில் வைத்தவர்களின் மனப்பான்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். இக்காலத்து அமைப்புகள் தம்மைப் பாராட்டி வந்த மடல்களை மட்டும் கோப்பில் இடுகின்றன. குறை கூறி வந்த மடலும், ஒத்துவராத தீர்மானமும், தோல்வியுற்ற முயற்சியின் கணக்கும் அவற்றின் பக்கத்திலேயே இருந்தால்தான் பின்வருவோர் உண்மை அறிவர்.

இத்தனை இருந்தும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் இல்லாதவரை ஜைசல்மேரின் செல்வம் வெளியுலகுக்கு எட்டவில்லை. சி. டி. தலால் என்னும் அறிஞர் 1916இல் அங்கே சென்று சுவடிகளை ஆராய்ந்து குறிப்பெடுத்தார். 1918இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு லால்சந்திர பகவான்தாஸ் காந்தி பட்டியலைச் செப்பம் செய்ய, 1923இல் அது அச்சேறியது. அடுத்த தலைமுறையில் முனி புண்ணியவிஜயர் அதே பண்டாரத்தை மீண்டும் ஒழுங்குசெய்தார். சிதறிய ஏடுகளைச் சேர்த்து, சுவடிகளுக்கு எண்ணிட்டு, விரிவான புதுப் பட்டியலைத் தொகுத்தார். 1971இல் அவரும் மறைந்தார். பட்டியல் 1972இல் வெளிவந்தது. இரண்டு பட்டியல்களுமே தொகுத்தவர் மறைந்தபின் அச்சானவை. தலாலின் குறிப்புகள் அவருக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்தாக இருந்திருந்தால் 1923ஆம் ஆண்டுப் பட்டியல் உருவாகியிராது. பிறர் தொடர்ந்து செய்யும்படி எழுதிவைத்ததே அவர் செய்த பெருந்தொண்டு.

எழுத்தில் வராத அறிவும் உண்டு. அதனையும் இங்கே கருத வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது, சுவடி கையில் இருந்தும் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே அந்நூலைப் பரம்பரையாகப் படித்துவந்த குடும்பத்தினர் இருந்தனர். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏட்டில் பாதியும் வீட்டில் பாதியுமாக இருந்த அறிவு ஐயரவர்களின் உழைப்பால் ஒன்று சேர்ந்தது. இன்றைக்கும் விழா நைவேத்தியத்தின் முறை, நோன்பு முடிக்கும் வகை, பழைய பாட்டின் மெட்டு, ஊரில் எந்தப் பாறையின் பின்புறம் படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன என்பன போன்ற செய்திகள் முதியோர் சிலரின் நாவிலேயே இருக்கின்றன. பண்டாரம் அமைப்போர் தாள்களை அடுக்கும் முன்னரே இவர்களிடம் சென்று அமர வேண்டும். தாள்கள் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும்.

இனி, நடைமுறை குறித்துச் சில. எல்லாவற்றுக்கும் முதலாக வேண்டுவது தைத்த பதிவேடு ஒன்று. உள்ளே வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் எண், வந்த நாள், யாரிடமிருந்து வந்தது, என்ன பொருள், எங்கே வைத்திருக்கிறது. ஒருமுறை கொடுத்த எண்ணை, அப்பொருள் தொலைந்தே போனாலும், வேறொன்றுக்குக் கொடுக்கலாகாது. தொலைந்தது என்பதும் ஒரு செய்தியே. பொருள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அதற்குரிய சீட்டுகள் பல தலைப்புகளில் இருக்கலாம். கிணறு வெட்டியதற்கான நன்கொடைச் சீட்டை நன்கொடைக் கோப்பில் வைத்தால், கிணறு என்னும் தலைப்பிலும், கொடுத்தவர் ஊரின் பெயரிலும் அந்த எண்ணைக் குறித்த சிறு சீட்டு இருக்க வேண்டும். நிகண்டின் பல வாயில்கள் இவ்வாறுதான் பீரோவுக்குள் வருகின்றன.

தனியொருவர் தம் படிப்புக்காக அமைக்கும் பண்டாரத்துக்கும் இதுவே வழி. ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 துண்டுச் சீட்டுகளை இவ்வாறு வைத்திருந்தார். சீட்டு ஒன்றுக்கு ஒரு கருத்து. சீட்டுக்கு ஓர் எண். தொடர்புடைய வேறு சீட்டின் எண் அதன் ஓரத்தில். பல நூல்களை அவர் எழுதியது அந்தப் பெட்டிகளின் துணையால்தான். படித்ததைத் தம் சொற்களில் எழுதுவதும், எந்த நூல், எந்தப் பக்கம் என்று மறவாமல் குறிப்பதும் இதில் இன்றியமையாதவை. நூற்பெயரில்லாத மேற்கோள் குறிப்பேடுகள் எத்தனை ஆசிரியர்களின் வீட்டில் பயனற்றுக் கிடக்கின்றன என்பதை ஆசிரியர்களே அறிவர்.

கணினி வந்தபின் இவை எதற்கு, தேடினால் எல்லாம் கிடைக்குமே என்பர் இளைஞர். அவர்கள் சொல்வதில் பாதி சரி. தட்டச்சு செய்த பக்கத்தில் ஒரு சொல்லை நொடியில் கண்டெடுக்கலாம். ஆனால் படமாகப் பிடித்துவைத்த பக்கத்தில், அதன் எழுத்துகளைப் பாடமாக மாற்றாதவரை, தேடல் ஒன்றையும் காணாது. ஸ்கேன் 47, ஸ்கேன் 48 எனப் பெயரிட்ட ஐந்நூறு கோப்புகள் பூட்டிய பீரோவினும் இருண்டவை. பீரோவையேனும் திறந்து கையால் துழாவலாம். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் 2019-08-14 என்பது போலத் தேதியை முதலில் இட்டு, பிறகு பதிவேட்டு எண்ணையும் பொருளையும் எழுதினால், அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்துப் பதினான்காம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். படிகள் மூன்றேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருப்பது நன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளங்களில் இருந்த நூல்களும் பத்திரங்களும் நனைந்து கூழானதைக் கண்டவர்களுக்கு இதனை வற்புறுத்த வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடுவதும் கூடாது. உதவி பெற்ற குடும்பங்களின் பெயர்ப்பட்டியல், தனியார் மடல்கள் ஆகியவற்றைப் பார்க்கத் தக்கோர் யார் என்பதைப் பதிவேட்டிலேயே குறித்துவிட வேண்டும்.

பேணுவதற்கு நாள் குறிக்கும் வேலையும் மிச்சம். திகம்பரர் ஜ்யேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளில் சுருத பஞ்சமியும், சுவேதாம்பரர் கார்த்திகை வளர்பிறை ஐந்தாம் நாளில் ஞான பஞ்சமியும் கொண்டாடுகின்றனர். சுவடிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, பழைய துணியை மாற்றிச் சுற்றி வைப்பது அந்நாட்களின் வழக்கங்களுள் ஒன்று. வழிபாட்டோடு பராமரிப்பையும் பிணைத்த முன்னோரின் உலகியல் அறிவு வியக்கத்தக்கது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கை படாத பண்டாரத்தைப் பூச்சி தன்னுடையதாக்கிக்கொள்ளும். அதே நாளில் பதிவேட்டையும் பொருள்களையும் ஒத்துப் பார்க்கலாம். கணினிப் படிகள் திறக்கின்றனவா என்று சோதிக்கலாம். இதரக் கோப்பைப் பிரிக்கலாம்.

அன்றைக்கு இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் சிறுவனையோ சிறுமியையோ அழைத்து, பதிவேட்டையும் சீட்டுப் பெட்டியையும் காட்டி, மண்டபத்துக்குக் கல் தளம் போட்டது எந்த ஆண்டு, யார் செலவில் என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வாய் திறக்காமல் உடனிருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் தாள் கையில் வந்துவிட்டால் நன்று. அவ்வாறன்றி, பிள்ளை பெட்டியை விட்டு நிமிர்ந்து செயலாளர் முகத்தைப் பார்த்தால், எந்தச் சீட்டின் அருகே நின்று அவ்வாறு பார்த்ததோ அந்தச் சீட்டை அன்றே மாற்றி எழுதிவிட வேண்டும்.